தேயிலை லாப்பில் பழகிய கை, கஞ்சாப் பூவைத் தொடும்போது

மீரிகமவில் ஏற்றுமதிக்கென்று மட்டும் கஞ்சா பயிரிட 7 வெளிநாட்டு முதலீட்டாளர்களுக்கு 2025 ஆகஸ்டில் இலங்கை அரசாங்கம் அனுமதி கொடுத்தது. மீரிகம மலைநாட்டுக்குத் தூரம்தான். ஆனால் பயிர் வந்தால் பின்னாலேயே ஆய்வுகூடம் வரும், அங்கே வேலைக்கு ஆள் வேண்டும். காய்ந்த இலையில் மருந்து எச்சம், அதாவது பயிருக்கு அடித்த களை, பூச்சி, பூஞ்சண மருந்துகளின் மிச்சம் பார்க்கும் பழக்கம் இந்த நாட்டில் தேயிலையோடு புழங்குகிறவர்களுக்குத்தான் நன்றாக இருக்கிறது. 2015-ல் கிளைபோசேட் களைநாசினியைத் தடைசெய்ததும் பல தோட்டங்கள் எம்சிபிஏ களைநாசினிக்கு மாறின. 2018-ல் அதன் எச்சம் ஜப்பானுக்குப் போன தேயிலையில் பிடிபட்டது. ஜப்பான் தனி வரம்பு வைக்காத மருந்துக்கெல்லாம் 0.01 பிபிஎம், அதாவது கிராமுக்கு 0.01 மைக்ரோகிராம் என்பதே பொது வரம்பு. அந்த அளவுக்கு இறங்கி அளக்க அப்போதே பழகிவிட்டோம்.

அந்தப் பழக்கம் கஞ்சாவுக்குப் பாதி பொருந்தும். மற்றப் பாதியில் தேயிலைப் பழக்கமே காலை வாரிவிடும். ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கம் இரசாயனம் படித்துவிட்டு நிற்கும் பிள்ளைகளுக்கும், தேயிலை ஸ்டோரில் (தொழிற்சாலையில்) தரம் பார்க்கிறவர்களுக்கும் அந்த இரண்டாவது பாதியைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

சட்டத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். 1929-ஆம் ஆண்டின் 17-ஆம் இலக்க நச்சுகள், அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. சோதித்துப் பார்க்கத்தான் என்று சொல்லி ஒரு கிராமைக் கையில் கொண்டு திரிந்தாலும் குற்றம். பிடிபட்ட பொருளைப் பார்ப்பது அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் திணைக்களம். அங்கே கேள்வி "இது கஞ்சாவா, எவ்வளவு?" என்பதுதான். அதில் ஈயம் இருக்கிறதா, பூஞ்சணம் இருக்கிறதா என்பது வழக்குக்குத் தேவையில்லை.

ஆயுர்வேதத்துக்கு மட்டும் தனி வழி உண்டு. மதன மோதகம் போன்ற மருந்துகளுக்குக் கஞ்சா இலை வேண்டும், அது நெடுங்காலமாக நீதிமன்றங்களில் பறிமுதலான சரக்கிலிருந்தே போனது. கைக்கு வரும்போது அது நாலைந்து வருடம் பழசாகி வீரியம் போய்விடுகிறது என்று 2017-ல் அப்போதைய சுகாதார அமைச்சர் ராஜித சேனாரத்ன சொன்னார். வீரியம் போனதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. நாலைந்து வருடம் சாக்கில் கிடந்த இலை எந்த ஈரத்தில் கிடந்தது, எந்தப் பூஞ்சணம் அதில் வளர்ந்து செத்தது என்று யாராலும் சொல்ல முடியாது. மருந்தாகப் போகிற பொருளுக்கு இப்படி ஒரு தொடக்கம் இருக்கவே கூடாது.

தேயிலையும் கஞ்சாவும் பிரிகிற முதல் இடம் காயவைப்பது. கொழுந்து ட்ரையருக்குள் கிட்டத்தட்ட 100 பாகை சூட்டுக் காற்றில் இருபது நிமிடம் போய் 3 வீத ஈரத்தோடு வெளியே வருகிறது. வாட்டத்திலும் ரோலரிலும் ஏறிய கிருமிகளில் பெரும்பகுதி அங்கேயே செத்துவிடும். கஞ்சாப் பூவை அப்படிச் சுட்டால் வாசனை எண்ணெய்கள் பறந்துவிடும். ஆகவே 15 முதல் 21 பாகைக்குள், 50-60 வீத ஈரப்பதனுள்ள இருட்டறையில், ஒரு வாரம் பத்து நாள் தொங்கவிட்டுத்தான் காயவைக்கிறார்கள். கிருமியைக் கொல்லும் கட்டம் ஒன்று இடையில் வருவதே இல்லை. வயலில் ஏறியது, வெட்டியவர் கையில் இருந்தது, அறையின் காற்றில் மிதந்தது எல்லாமே பூவோடு வரும்.

மலைநாட்டுக்காரர் இதைச் சட்டென்று புரிந்துகொள்வார். நுவரெலியாவில் ஜூன் மாத மூடுபனியில் துவைத்த துணி மூன்று நாளானாலும் காயாது. அந்தக் காற்றில் பூவைத் தொங்கவிட்டால் வெளி இலை காய்ந்ததுபோலச் சுருளும், நடுத்தண்டு பச்சையாகவே இருக்கும். அங்கேதான் சாம்பல் பூஞ்சணம் தொடங்குகிறது. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. பூவை இரண்டு கையாலும் பிடித்துத் தண்டோடு பிளந்து பார்க்க வேண்டும். நடுவில் தண்டு கபிலமாகி, அதைச் சுற்றிச் சிலந்தி வலைபோல சாம்பல் நூல் ஓடியிருந்தால் அந்தத் தொகுதியை அங்கேயே ஒதுக்கிவிடலாம், எந்த இயந்திரமும் தேவையில்லை. பத்து மடங்கு லென்ஸ் ஒன்றைச் சட்டைப்பையில் வைத்திருங்கள். பூவின் மேலுள்ள பிசின் சுரப்பிகள் லென்ஸில் கண்ணாடித் தலை வைத்த குண்டூசிபோல ஒவ்வொன்றாக நிற்கும். வெண்தூள் நோய் அப்படி நிற்காது. கோதுமை மா சிந்தியதுபோலத் தலையும் காம்பும் இல்லாமல் படர்ந்திருக்கும். இரண்டும் வெள்ளைதான் என்பதால் வெறுங்கண்ணால் பார்த்து ஏமாறுகிறவர்கள் நிறைய.

ஈரம் அளப்பதிலும் தேயிலைப் பழக்கத்தை மாற்ற வேண்டும். ஈரத் தராசில் 105 பாகைக்குச் சூடாக்கினால் தேயிலையில் போவது அநேகமாகத் தண்ணீர் மட்டுமே. கஞ்சாவில் வாசனை எண்ணெயும் சேர்ந்து பறக்கும், ஈரம் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். பூஞ்சணம் வளருமா என்பதற்கு எத்தனை வீதம் தண்ணீர் என்பதைவிட, அந்தத் தண்ணீர் எவ்வளவு கட்டற்றுக் கிடக்கிறது என்பதே முக்கியம். அதை நீர்ச்செயற்பாடு என்கிறோம். கஞ்சா விற்பனையைச் சட்டமாக்கிய அமெரிக்க மாநிலமான கலிபோர்னியாவின் விதியில் பூவுக்கு 0.65 உச்ச வரம்பு. நல்ல பூ 0.55-க்கும் 0.65-க்கும் இடையில் நிற்க வேண்டும். 0.65 என்றால் 65 வீத ஈரப்பதனுள்ள காற்றோடு சமநிலை என்று அர்த்தம். காற்றில் 90 வீதம் இருக்கும் நாளில் பையைத் திறந்து வைத்தால் நேற்றுத் தேறிய பூ சில மணி நேரத்தில் தேறாததாகிவிடும்.

நீர்ச்செயற்பாட்டு மீட்டரின் கிண்ணத்தைப் பாதிக்கு மேல் நிரப்பக்கூடாது, பூத்தூள் சென்சரில் ஒட்டினால் அதன் பிறகு வரும் வாசிப்பெல்லாம் பிழை. குளிர்ந்த களஞ்சியத்திலிருந்து வந்த மாதிரியை உடனே திறக்கக் கூடாது. மூடியபடியே 25 பாகைக்கு வரவிடுங்கள். முன்கூட்டியே திறந்தால் அறைக் காற்றின் ஈரம் அதன்மேல் படிந்து எண் ஏறும். நிறைகரைசலான சாதாரண உப்பு 25 பாகையில் 0.753 காட்ட வேண்டும், மக்னீசியம் குளோரைடு 0.328. தினமும் காலையில் இரண்டையும் வைத்துப் பார்த்துப் புத்தகத்தில் எழுதிவிட்டுத்தான் மாதிரியைத் தொட வேண்டும்.

மாதிரி எடுப்பதை ஒரு சில்லறை வேலையாக நினைத்துப் புதிதாக வந்த பையனிடம் விடும் இடங்கள் உண்டு. என் பார்வையில் ஆய்வுகூடத்தின் மிகப் பெரிய தவறு அதுதான். அரை கிராமை அளக்கும் இயந்திரம் எத்தனை கோடி ரூபாய் பெறுமதியானாலும், அந்த அரை கிராம் 20 கிலோவின் பிரதிநிதியாக இல்லாவிட்டால் வரும் எண்ணுக்கு மதிப்பில்லை. கலிபோர்னியா விதி இதில் கறாரானது. ஒரு தொகுதி 50 இறாத்தலுக்கு, அதாவது 22.7 கிலோவுக்கு மேல் போகக்கூடாது. 10 இறாத்தல் வரை 8 இடங்களில் எடுக்க வேண்டும், 20 வரை 16, 30 வரை 23, 40 வரை 29, 50 வரை 34. மொத்த மாதிரி தொகுதியின் நிறையில் 0.35 வீதத்துக்குக் குறையக்கூடாது. 20 கிலோ என்றால் 70 கிராம். எடுப்பவர் ஆய்வுகூடத்தின் ஆளாக இருக்க வேண்டும், எடுப்பதை வீடியோவில் பதிய வேண்டும். பயிரிட்டவர் பொறுக்கி எடுத்துக் கொடுத்த நல்ல பூவை வாங்கிச் சோதித்துவிட்டு முழுத் தொகுதிக்கும் சான்று எழுதினால் அது ஏமாற்று.

ஸ்டோரில் வேலை செய்தவருக்கு இங்கே ஒரு சாதகம் உண்டு. குவியலில் டஸ்ட் அடியில் இறங்கும், பெரிய இலை மேலே நிற்கும் என்று அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கஞ்சாவிலும் அதே கதைதான். பிசின் சுரப்பிகள் உதிர்ந்து பையின் அடியில் மஞ்சள் தூளாகச் சேரும். எண்ணெயில் கரையும் மருந்துகள் அந்தப் பிசினில்தான் கூடுதலாகத் தங்கும். மேலாக அள்ளினால் எச்சம் குறைவாகவும், அடியைச் சுரண்டினால் கூடுதலாகவும் காட்டும். மேல், நடு, அடி மூன்றிலும் எடுங்கள். ஒவ்வொரு தொகுதிக்கும் புதுக் கையுறை, கிருமி நீக்கிய கரண்டி. அரைக்கும்போது பிசின் பிளேடில் பாகுபோல ஒட்டும். உலர்பனிக்கட்டியோடு சேர்த்து உறையவைத்து அரைத்தால் ஒட்டாது. கிருமிச் சோதனைக்கான பங்கை அரைப்பதற்கு முன்பே பிரித்து வைத்துவிட வேண்டும்.

இனி மருந்து எச்சம். குடிக்கும் பொருளுக்கும் புகைக்கும் பொருளுக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் தலைதூக்குகிறது. தேயிலையில் நீரில் கரையாத மருந்தின் பெரும்பகுதி சக்கையோடு போய்விடும், கோப்பைக்கு வராது. புகையில் அப்படி இல்லை. கண்ணாடிக் குழாயில் புகைத்துப் பார்த்த ஓர் ஆய்வில், சோதித்த மருந்துகளில் 60 முதல் 70 வீதம் வரை புகையோடு வந்தது. புகை நேரே நுரையீரலுக்குப் போகிறது, ஈரலைக் கடந்து போவதில்லை. மைக்ளோபியூட்டனில் என்ற பங்கசுநாசினி திராட்சைக்கு அடிப்பது. தின்றால் அதற்கு ஒரு வரம்பு உண்டு, எரித்தாலோ ஐதரசன் சயனைட்டு வெளிவரும். கலிபோர்னியாவில் உண்ணும் கஞ்சாப் பொருளுக்கு ஒரு கிராமில் 9 மைக்ரோகிராம் வரை அதை விடுகிறார்கள், புகைக்கும் பொருளுக்கு 0.1 மட்டுமே. கனடாவில் 2016, 2017 காலத்தில் உரிமம் பெற்ற உற்பத்தியாளர்களின் சரக்கிலேயே இது பிடிபட்டுத் திருப்பி அழைக்கப்பட்டது. 2019 ஜனவரி 2 முதல் அங்கே 96 மருந்துகளுக்குச் சோதனை கட்டாயம். கலிபோர்னியாவின் பட்டியலில் 66. அதில் 21 மருந்துகள் எவ்வளவு குறைவாகத் தென்பட்டாலும் தொகுதி தோல்விதான்.

கொப்புள நோய்க்குத் தேயிலை மலையில் அடிக்கும் புரோபிகொனசோலும் டெபுகொனசோலும் மைக்ளோபியூட்டனிலின் குடும்பம்தான், இரண்டும் அந்த 66-இல் இருக்கின்றன. ஒருநாள் மலைநாட்டில் மருந்துக்கான கஞ்சாவுக்கோ வேறு மூலிகைக்கோ அனுமதி வருமானால், பக்கத்து மலையிலிருந்து காற்றில் வரும் தூறலும், கழுவாமல் மாற்றிப் பயன்படுத்தும் முதுகுத் தாங்கித் தெளிப்பானும்தான் முதல் தலைவலியாக இருக்கும். விறகுப் புகையையும் மறக்கக்கூடாது. தேயிலையில் அந்திரகுயினோனுக்கு ஐரோப்பா வைத்த வரம்பு 0.02 பிபிஎம். யாரும் அடிக்காத அந்தப் பொருள், விறகு அடுப்பு ட்ரையரில் கசிந்த புகையோடும் பொதி அட்டையிலிருந்தும் ஏறுகிறது. மருந்தே அடிக்கவில்லை என்ற வாக்குமூலம் சோதனைக்கு ஈடாகாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

பிரித்தெடுக்கும் முறை தேயிலை லாப்பில் பழகிய க்வெச்சர்ஸ் என்ற முறைதான். அசற்றோநைட்ரைலில் குலுக்கி, உப்புப் போட்டுப் பிரித்து, தூள் உறிஞ்சியால் சுத்தம் செய்து எல்சி-எம்எஸ்எம்எஸ்ஸில், அதாவது திரவத்தில் பிரித்து மூலக்கூறின் திணிவை அளக்கும் கருவியில் ஏற்றுவது. தேயிலையில் தொல்லை கொடுப்பது கஃபீன். அது 3 வீதமளவில் இருக்கும். கஞ்சாப் பூவில் அதன் வீரியப் பொருளான கனபினொயிட் 20 வீதம் இருக்கலாம். அதாவது கிராமுக்கு 2,00,000 மைக்ரோகிராமுக்கு நடுவில் 0.1 மைக்ரோகிராமைத் தேட வேண்டும், இருபது இலட்சத்தில் ஒன்று. இந்தக் கூட்டம் கருவியின் அயனாக்கும் பகுதிக்குள் நுழையும்போது மருந்தின் சமிக்ஞையை அமுக்கிவிடும். இருக்கும் மருந்து இல்லாததாகத் தெரியும். ஆகவே சுத்தக் கரைப்பானில் வரைந்த அளவுக்கோடு உதவாது, மருந்தில்லாத கஞ்சாச் சாற்றிலேயே வரைய வேண்டும். கூடவே சமதானி குறியிட்ட உள்நியமம் (மாதிரியோடு தெரிந்த அளவில் சேர்க்கும் ஒப்பீட்டுப் பொருள்), பத்து மடங்கோ அதற்கு மேலோ ஐதாக்கல். பச்சையம் போகட்டும் என்று கரித்தூளை அள்ளிப் போடாதீர்கள், தட்டையான மூலக்கூறுள்ள மருந்துகளையும் அது விழுங்கிவிடும். கப்டான், குளோர்டேன், குளோர்பெனாபிர் போன்றவை எல்சியில் சரியாக வராது, ஆவியாக்கிப் பிரிக்கும் ஜிசி கருவி வேண்டும். எல்சி மட்டும் வைத்துக்கொண்டு முழுப் பட்டியலும் பார்த்ததாகச் சொல்லும் ஆய்வுகூடத்தை நம்ப வேண்டாம்.

இருபது மாதிரிக்கு மருந்தில்லாத வெற்று ஒன்று, மருந்து சேர்த்த கட்டுப்பாடு ஒன்று, ஒரே மாதிரியை இரண்டாம் முறை பார்க்கும் இரட்டை ஒன்று. சேர்த்த மருந்தில் 70 முதல் 130 வீதம் திரும்பி வராவிட்டால் அந்த இருபதின் எண்களையும் வெளியே விடக்கூடாது. நம் நாட்டில் இதற்கு இன்னொரு முடிச்சும் உண்டு. அளவுக்கோடு வரைய வேண்டிய மருந்தில்லாத கஞ்சாவும் கஞ்சாதான். அதை வைத்திருக்க ஆய்வுகூடத்துக்கே அனுமதி வேண்டும். கருவி வாங்கும் முன்பே இந்தக் காகித வேலையைத் தொடங்க வேண்டும்.

பார உலோகத்தில் கஞ்சாச் செடியின் குணமே எதிரி. மண்ணிலுள்ள உலோகத்தை அது நன்றாக இழுக்கும். மலைநாட்டுத் தேயிலை மண் பிஎச் 4.5 முதல் 5.5 வரையான புளிப்பு மண். புளிப்புக் கூடக் கூடக் கட்மியம் வேருக்கு எளிதாகக் கிடைக்கும். இறக்குமதிப் பொஸ்பேற்று உரத்தோடு கட்மியம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருகிறது. புகைக்கும் பொருளுக்குக் கலிபோர்னியா வரம்பு கிராமுக்கு மைக்ரோகிராமில் இப்படி: கட்மியம் 0.2, ஆர்சனிக் 0.2, ஈயம் 0.5, பாதரசம் 0.1. அரை கிராமை நைத்திரிக் அமிலத்தில் மைக்ரோவேவ் மூடுகலனில் கரைத்து 50 மில்லியாக்கினால், 0.2 வரம்பு கரைசலில் 2 பிபிபி (நூறு கோடியில் 2 பங்கு) ஆகிவிடும். அமிலத்திலோ குப்பியிலோ இருக்கும் அழுக்கே அந்த எண்ணைத் தொட்டுவிடும். கண்ணாடி வேண்டாம், அமிலத்தில் ஊறவைத்துக் கழுவிய பிளாஸ்டிக் மட்டும். பாதரசம் சுவரில் ஒட்டாமலிருக்க ஐதரோகுளோரிக் அமிலம் சேர்ப்பார்கள். ஆனால் குளோரின் கருவியிலுள்ள ஆகன் வாயுவோடு சேர்ந்து 75 என்ற திணிவில் நின்று ஆர்சனிக்போலவே வேஷம் போடும். உலோகம் அளக்கும் ஐசிபி-எம்எஸ் கருவியில் ஹீலியம் முறையைப் போட்டால்தான் அது கழன்று போகும். போடாமல் விட்டால் நல்ல தொகுதி ஆர்சனிக்கில் தோற்கும்.

உலோகம் மண்ணிலிருந்து மட்டும் வருவதில்லை. 2007-ல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் 29 பேர் ஈய நஞ்சோடு மருத்துவமனைக்கு வந்தார்கள். நிறை கூட்டுவதற்காகக் கஞ்சாவில் ஈயத்தூள் கலந்திருந்தார்கள். சட்டவிரோதச் சரக்கை யாரும் சோதிப்பதில்லை என்பதன் விலை அது. கஞ்சா எண்ணெய் அடைத்துப் புகைக்கும் ஊதுகுழல்களில் (வேப்) உலோகப் பாகங்களிலிருந்தே ஈயம் கசியும். ஆகவே எண்ணெயைப் பீப்பாயில் அல்ல, குழலில் அடைத்த பிறகு சோதிக்க வேண்டும். இந்தக் குழல்களைப் புகைத்தவர்களிடையே அமெரிக்காவில் 2019-ல் தொடங்கிய நுரையீரல் நோயில் 2020 பெப்ரவரி வரை 68 பேர் இறந்தார்கள். எண்ணெயைத் தடிப்பாக்கச் சேர்த்த விற்றமின் ஈ அசற்றேற்று அதில் முதன்மைக் குற்றவாளி. அந்தப் பொருள் அதுவரை யாருடைய பட்டியலிலும் இருக்கவில்லை. பட்டியலில் இல்லாததை இயந்திரம் தானாகத் தேடாது.

சாறெடுத்தால் நஞ்சும் செறியும். நாலரை கிலோ கொழுந்து ஒரு கிலோ தேயிலையாவதுபோல, பத்துக் கிலோ பூ ஒரு கிலோ எண்ணெயானால் 0.1 பிபிஎம் மருந்து 1 பிபிஎம் ஆகிவிடும். பூவாகத் தேறிய தொகுதி எண்ணெயாகத் தோற்பது இப்படித்தான். பூவின் சான்றை எண்ணெய்க்குக் காட்ட யாரையும் விடக்கூடாது. சாறெடுக்கப் பயன்படுத்திய கரைப்பானின் எச்சம் தனி. கலிபோர்னியாவில் கிராமுக்கு ஹெக்சேன் 290, எதனோல் 5,000, பென்சீன் 1 மைக்ரோகிராம்.

கிருமியில் தேயிலைக்காரருக்குப் புதியது அஸ்பர்ஜிலஸ் என்ற பூஞ்சணம். ஃபியூமிகாட்டஸ், ஃபிளேவஸ், நைஜர், டெரியஸ் என்ற நான்கும் புகைக்கும் பொருளில் ஒரு கிராமில் இருக்கவே கூடாது. சல்மோனெல்லாவும் அப்படியே. புற்றுநோய் சிகிச்சையில் எதிர்ப்புச் சக்தி இழந்த ஒருவர் வலிக்காக இதைப் புகைத்தால் அந்த வித்துகள் நுரையீரலில் முளைக்கும். மருந்துக்காகவே கேட்கிறவருக்குத்தான் ஆபத்தும் அதிகம் என்பதால் இந்தச் சோதனையில் எந்த விட்டுக்கொடுப்பும் கூடாது. கதிர்வீச்சால் பூஞ்சணத்தைக் கொல்லலாம். ஆனால் செத்த பூஞ்சணத்தின் டிஎன்ஏகூட, டிஎன்ஏயைப் பெருக்கிப் பார்க்கும் பிசிஆர் சோதனையில் தெரியும். ஆகவே 24 முதல் 48 மணி நேரம் வளர்ப்பூடகத்தில் வைத்து, வைப்பதற்கு முன்னும் பின்னும் ஒப்பிட வேண்டும். கூடினால்தான் உயிருள்ளது. பூஞ்சணம் ஏற்கெனவே விட்டுச்சென்ற அஃபிளடொக்சின் என்ற நஞ்சோ கதிர்வீச்சில் அப்படியே அழிந்துவிடாது, அதைத் தனியே அளக்க வேண்டும். கலிபோர்னியாவில் மொத்த அஃபிளடொக்சின் கிலோவுக்கு 20 மைக்ரோகிராம். ஐரோப்பிய மருந்துநூலில் மூலிகைக்கு மொத்தம் 4, அதில் பி1 வகை மட்டும் 2. மீரிகமச் சரக்கு ஐரோப்பாவுக்குப் போக வேண்டுமானால் இந்த இரண்டாவது எண்ணை நோக்கித்தான் முறையை அமைக்க வேண்டும். அங்கே கஞ்சாப் பூவுக்கென்றே 2024 ஜூலை 1 முதல் தனி மருந்துநூல் பதிவும் இருக்கிறது.

கடைசியாகச் சான்றிதழ். ஆய்வுகூடங்களுக்கான ஐஎஸ்ஓ 17025 தர அங்கீகாரம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்து விட்டுவிடாதீர்கள். அங்கீகாரம் ஆய்வுகூடத்துக்கு மொத்தமாக அல்ல, முறை முறையாகத்தான் கொடுக்கப்படுகிறது. தேயிலையில் எச்சம் பார்க்கப் பெற்ற அங்கீகாரம் கஞ்சாப் பூவுக்குச் செல்லாது. மாதிரியை எடுத்தது யார், தொகுதி இலக்கம், எடுத்த திகதி, வந்தபடியே அளந்ததா உலர் நிறையிலா என்று தேடுங்கள். "கண்டறியப்படவில்லை" என்று எழுதிய வரிக்குப் பக்கத்தில் அளவிடக்கூடிய ஆகக் குறைந்த எல்லை எழுதியிருக்க வேண்டும். வரம்பு 0.1, எல்லை 0.5 என்றால், அந்த வரியில் எதையுமே அவர்கள் சோதிக்கவில்லை. எல்லை எழுதப்படாத சான்றைத் திருப்பி அனுப்பி, ஒதுக்கி வைத்த மாதிரியை வேறு ஆய்வுகூடத்துக்குக் கொடுக்கச் சொல்லுங்கள்.